வெள்ளிக்கிழமை எபிசோடு

ஜூன் 3, திங்கள்

இன்றும் தண்ணீர் லாரி வரவில்லை. இருந்த நாலு குடத்தில் சமையலை முடித்து, பாத்திரங்களைத் துடைத்தே வைத்துவிட்டேன். மாலை ஏழு மணிக்குப் புதுத் தொடர் 'பதினோராம் நம்பர் வீடு' ஆரம்பம். நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

'இல்லக்கதிர்' வார இதழில் பன்னிரண்டு வருடமாகச் சின்னத்திரை விமர்சனம் எழுதுகிறேன். புனைபெயர் 'சாளரம்'. ஆணா பெண்ணா என்று வாசகர்களுக்குத் தெரியாது. முக்கால்வாசிப் பேர் 'சாளரம் சார் அவர்களுக்கு' என்றுதான் கடிதம் போடுகிறார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சார் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

பெயர் போடும்போது 'எழுத்து: சாருமதி' என்று வந்தது.

"உன் தங்கச்சி இல்ல?" என்றார் இவர்.

"விமர்சகருக்குத் தங்கச்சி கிடையாது" என்றேன்.

"ரைட்டு" என்று சொல்லிவிட்டு நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். டெலிபோன் இலாகாவில் ரிட்டயர் ஆனதிலிருந்து இவருக்கு எல்லாத் தொடரும் அத்துப்படி.

சாருவும் நானும் பேசி ஆறு வருடம் ஆகிறது. அவள்தான் நிறுத்தினாள். நானாகப் போய் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கென்ன வந்தது.

ஜூன் 5, புதன்

விமர்சனம் அனுப்பியாகிவிட்டது. புதன் மாலைக்குள் மேட்டர் போக வேண்டும். வியாழன் அச்சு, சனி கடையில். வாசகர்களோ சனிக்கிழமை பத்திரிகையில் வெள்ளிக்கிழமை எபிசோடைப் பற்றியும் எதிர்பார்ப்பார்கள். அதனால் வெள்ளியை மட்டும் புரோமோவைப் பார்த்தே எழுதிவிடுவோம். நான் மட்டுமல்ல, இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். அரைத்த மாவையே அரைக்கிறார்கள். அரை நிமிஷப் புரோமோவில் முழு இட்லியும் தெரிந்துவிடும். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட என் கணக்கு தப்பியதில்லை.

தொடரைப் பற்றி நியாயமாகவே எழுதியிருக்கிறேன். அப்பா இல்லாத வீடு, இரண்டு சகோதரிகள். அக்கா மங்கை வீட்டைத் தாங்குகிறாள்; தங்கை தேன்மொழி பாடுகிறாள். அக்காவும் பாடக்கூடியவள்தான், ஆனால் அடுப்படியில் மட்டும். தங்கையாக வரும் பெண் நன்றாகச் செய்கிறாள். அக்கா பாத்திரம் பொருந்தவில்லை.

ஜூன் 8, சனி

ஒரு வரியும் வெட்டாமல் போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 12, புதன்

லாரி வந்தது. பன்னிரண்டு குடம். இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

பொறுப்பாசிரியர் அருளானந்தம் போனில் பேசினார். அந்தத் தொடருக்கு நாற்பது எபிசோடுதான் கொடுத்திருக்கிறார்களாம். அதற்குள் எடுபடாவிட்டால் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். சேனலில் வாரா வாரம் நம் பக்கத்தை வெட்டி ஃபைலில் வைக்கிறார்களாம். பெருமையாகச் சொன்னார். எழுதுகிறவருக்கு இதுதான் முதல் சொந்தத் தொடராம், பத்து வருடம் அடுத்தவர்களுக்கு எழுதிக்கொடுத்துக்கொண்டு இருந்தவராம். எழுதுகிறவர் யார் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நேற்றைய எபிசோடில் மங்கை, தங்கையின் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தபடியே "உன் நல்லதுக்குத்தாண்டி சொல்றேன், எனக்கென்ன வந்தது" என்கிறாள். இவர் குபீரென்று சிரித்துவிட்டார்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லம்மா. இருமல்."

விமர்சனத்தில் எழுதினேன்: 'மூன்று வாக்கியத்துக்கு ஒரு தரம் "எனக்கென்ன வந்தது" என்று எந்தப் பெண் பேசுகிறாள்? செயற்கை.'

ஜூன் 17, திங்கள்

தலைவலி. குறிப்பு எடுக்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

நேற்றைய எபிசோடை எழுதிவைக்காவிட்டால் நாளை விமர்சனத்துக்கு உட்கார முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

மங்கை வீட்டில் போன் அடிக்கிறது. தங்கையின் குரல் பிடித்திருக்கிறது, வந்து பாடச் சொல்லுங்கள் என்கிறார்கள் கேசட் கம்பெனியிலிருந்து. மங்கை ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சொல்கிறாள்: "அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு. இனிமே பாடமாட்டா." ரிசீவரை வைக்கிறாள். தங்கையிடம் சொல்லவில்லை. தொடரும்.

இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை என்று தெரிந்தது.

சரி. 1998. அப்போது நாங்கள் எல்லோருமே உறையூர் வீட்டில் இருந்தோம். இவருக்குத் திருச்சி டெலிபோன் ஆபீசில் வேலை, அதனால் வீட்டில் போன் இருந்தது. சென்னையிலிருந்து, டிவி தொடர் எடுக்கும் ஒரு கம்பெனியில் பேசினார்கள். சாரு அனுப்பிய கதை பிடித்திருக்கிறது, அடுத்த புதன்கிழமை நேரில் வரச் சொல்லுங்கள் என்றார்கள். சாருவின் கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கரூர் சம்பந்தம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. அந்த நேரத்தில் பெண்ணைத் தனியாகச் சென்னைக்கு யார் அனுப்புவார்கள்? நான் ஒரே ஒரு வாக்கியம் பேசினேன். யாராயிருந்தாலும் அதைத்தான் பேசியிருப்பார்கள்.

நானும் அந்தக் கம்பெனிக்கு ஒரு கதை அனுப்பியிருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு விழாவில் அந்தக் கம்பெனியின் பழைய மேனேஜர் சாருவைப் பார்த்து, "அப்பவே கூப்பிட்டோமேம்மா, நீங்கதான் எழுதமாட்டேன்னுட்டீங்களாம்" என்றிருக்கிறார். நேராக என் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை. "போன் வந்துச்சாக்கா?" என்று கேட்டாள். எனக்கு ஞாபகமில்லை என்றேன். பதினைந்து வருடத்துக்கு முந்தைய போன் யாருக்கு ஞாபகமிருக்கும்?

ஜூன் 19, புதன்

எழுதி அனுப்பியது: 'போனை மறைக்கும் அக்காவை நாம் நம்ப வேண்டுமென்றால், அவள் ஏன் மறைத்தாள் என்று கதாசிரியர் சொல்ல வேண்டும். காரணமில்லாமல் கெடுதல் செய்கிறவள் பாத்திரம் அல்ல, பொம்மை. காரணம் எங்கே?'

இவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல கேள்விதான்" என்றார். தோசைக்கு ஊறப்போட மறந்துவிட்டேன். கோதுமை உப்புமா.

ஜூன் 22, சனி

ஆபீசிலிருந்து கடிதக் கட்டு வந்தது. இருபத்து மூன்று கடிதம், எல்லாம் மங்கையைப் பற்றி. கரூரிலிருந்து ஒரு அம்மாள்: 'சாளரம் சார், "எனக்கென்ன வந்தது" என்று யாரும் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வாருங்கள், என் நாத்தனாரைக் காட்டுகிறேன்.' மன்னார்குடியிலிருந்து ஒருத்தி: 'மங்கையைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நானும் ஒரு மங்கைதான்.' இதை மட்டும் மூன்று தரம் படித்தேன். கையெழுத்து நன்றாக இருந்தது.

அருளானந்தத்துக்கு ஒரே குஷி. "சண்டை சூடு பிடிச்சிருக்கு மேடம். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் காரமா போடுங்க."

ஜூன் 25, செவ்வாய்

புரோமோ வந்துவிட்டது. 'இந்த வெள்ளி... மங்கைக்குத் தீர்ப்பு!' என்று பெரிய எழுத்து. தேன்மொழிக்கு போன் விஷயம் தெரிந்துவிடுகிறது. சமையலறை வாசலில் வந்து நிற்கிறாள். கை ஓங்குகிறாள். பளார் என்று ஒரு சத்தம். மங்கையின் முகம் ஒரு பக்கமாகத் திரும்புகிறது. டமடமவென்று மேளம். அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்தில் நான்கு தடவை போட்டார்கள். நான்கு தடவையும் பார்த்தேன். என் கன்னத்தில் விழுந்தமாதிரி இருந்தது. இவ்வளவு கோபமா அவளுக்கு?

ஜூன் 26, புதன்

காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சரசரவென்று வந்தது. பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு வேகமாக எழுதியதில்லை.

'உடன்பிறந்த அக்காவைக் கை நீட்டி அடிக்கும் தங்கையைக் காட்டித்தான் ஒரு தொடர் பிழைக்க வேண்டுமா? காரணம் எங்கே என்று போன வாரம் கேட்டோம். அறையைப் பதிலாகத் தருகிறார் கதாசிரியர். தாயைப்போல வளர்த்தவளின் கன்னத்தில் விழும் அந்த அடி, பார்க்கும் ஒவ்வொரு வீட்டின் மேலும் விழுகிறது. நாற்பது எபிசோடு இந்தத் தொடருக்கு அதிகம். இதை எழுதியவருக்கு அக்கா என்று ஒருத்தி இருந்தால், அவள் பாவம்.'

இவர் தட்டில் மோர் ஊற்றிக்கொண்டே கேட்டார். "வெள்ளிக்கிழமை பாத்துட்டு எழுதலாமே."

"பத்திரிகை காத்திருக்காது."

"இந்த ஒரு வாரம் வேற தொடரப் பத்தி எழுதேன்."

"ஏன், தங்கச்சிங்கறதாலயா?"

"நீதான் விமர்சகருக்குத் தங்கச்சி கிடையாதுன்னுட்டியே" என்றார். நான்கரைக்கு அனுப்பினேன்.

ஜூன் 28, வெள்ளி

இதை வரிசையாக எழுத முயல்கிறேன்.

ஏழு மணிக்கு ஆரம்பம். தேன்மொழி சமையலறை வாசலுக்கு வருகிறாள். கை ஓங்குகிறாள். அறை. மங்கையின் முகம் திரும்புகிறது. அடுத்த ஷாட்டில் தேன்மொழி அதே வாசலில், கையைத் தொங்கவிட்டபடி நிற்கிறாள். மங்கை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். அறை விழவே இல்லை. தங்கை மனசுக்குள் நினைத்துக்கொண்டது அது. இரண்டாவது நிமிடத்திலேயே அந்த அறை முடிந்துவிட்டது.

பிறகு தேன்மொழி தரையில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு கைப்பிடி பீன்ஸை எடுத்து நார் உரிக்கிறாள். நார் உரிகிற சத்தமும் கத்திச் சத்தமும் மட்டும். பின்னணி இசை இல்லை. ஒரு தொடரில் பின்னணி இசை இல்லாமல் முழுசாக ஒரு நிமிடம் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"அந்த போன் உனக்கு வந்திருக்கணும்க்கா" என்கிறாள் தேன்மொழி.

மங்கை கத்தியை நிறுத்தவில்லை.

"நீ என்னைவிட நல்லா பாடுவே. அவங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியும். அடுப்படியில நீ பாடறதக் கேட்டுத்தானே நான் பாட ஆரம்பிச்சேன். உனக்கு வராத போன் எனக்கு வந்தா உனக்கு எப்படி இருக்கும்? நானா இருந்தாலும் போனை வெச்சிருப்பேன்க்கா."

மங்கை அப்போதும் தலையைத் தூக்கவில்லை. நறுக்கியதையே திரும்ப நறுக்குகிறாள். தொடரும்.

இவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

அருளானந்தத்துக்கு போன் போட்டேன். என் பக்கத்தை நிறுத்துங்கள் என்றேன். "மேடம், பத்திரிகைக் கட்டெல்லாம் ரயில் ஏறியாச்சு. மதுரைக்குப் போறது விழுப்புரத்தையே தாண்டியிருக்கும்" என்றார். நான் எழுதியது தப்பு, அறையே இல்லை என்றேன். அவர் சிரித்தார். "புரோமோல ஏமாத்திட்டாங்களா? எல்லாருக்கும் ஒரு நாள் நடக்கறதுதான். அடுத்த வாரம் சின்னதா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். ஆனா திங்கட்கிழமை சேனல்ல மீட்டிங். அதுக்குள்ள இந்தப் பக்கம் அவங்க ஃபைலுக்குப் போயிடும்."

காரணம் எங்கே என்று நான் கேட்டேன். அவள் பதில் எழுதியிருக்கிறாள். நான் படிக்காமலே தப்பு என்று எழுதி அச்சடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டேன்.

ஜூன் 29, சனி

பத்திரிகை வந்தது. பிரிக்கவில்லை. ஆபீஸ் போன் ஓயவில்லையாம். 'சாளரம் சார் தூங்கிட்டே டிவி பாத்தாரா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஜூலை 1, திங்கள்

சேனல் மீட்டிங் முடிந்தது. தொடரை ஏழு மணியிலிருந்து மத்தியானம் ஒன்றரைக்குத் தள்ளிவிட்டார்கள். நாற்பதோடு சரி. இனி முடிவு எழுத வேண்டியதுதான். ஃபைலில் என் பக்கம்தான் மேலே இருந்ததாம். அருளானந்தம் இதையும் பெருமையாகவே சொன்னார்.

லாரி வந்தது. நானே போய் நின்றேன்.

ஜூலை 3, புதன்

ஒரு முழுப் பக்கம் எழுதி அனுப்பினேன். பார்க்காமல் எழுதியதை ஒப்புக்கொண்டேன். அந்தக் காட்சி எப்படிப்பட்டது என்று எழுதினேன். சாளரம் என்பது நான், தமயந்தி. எழுதியவர் என் தங்கை. அந்த போனை வைத்தவளும் நான் என்றும் எழுதினேன்.

அரை மணியில் அருளானந்தம் கூப்பிட்டார். "என்ன மேடம் இது? சாளரம் யாருன்னு சொல்லிட்டா அப்புறம் யார் பயப்படுவாங்க? எல்லாத் தொடருக்கும் புரோமோ பாத்துத்தான் எழுதறோம்னு நாமளே சொன்னா பத்திரிகை மானம் என்ன ஆகும்? குடும்ப விஷயத்த வீட்டுல வெச்சுக்குங்க."

என் பக்கத்துக்குப் பதில் மூலையில் இரண்டு வரி வருமாம்: 'சென்ற இதழில் வெளியான விமர்சனத்தில் குறிப்பிட்ட காட்சி, கற்பனைக் காட்சியாக ஒளிபரப்பானது. தவறுக்கு வருந்துகிறோம்.'

யார் வருந்துகிறார்கள் என்று அதில் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

"போயிட்டு வாயேன்" என்றார் இவர். எங்கே என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

வளசரவாக்கம் போனேன். நான்கு மணி இருக்கும். சாருதான் கதவைத் திறந்தாள். தலை நரைத்திருக்கிறது. நைட்டிமேல் துண்டு, காதில் பேனா. அடுத்த வாரம் ஷூட்டிங்குக்குச் சீன் எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் கரூர் போயிருக்கிறாராம்.

"அத்தான் வரலியா?" என்றாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"லாரிக்கு நிக்கிறார்."

"உக்காரு" என்று நாற்காலியிலிருந்த காகிதங்களை எடுத்தாள்.

உட்கார்ந்தேன். ஸ்லாட் போனது என்னால்தான் என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ரொம்பப் பெருமைப்பட்டுக்காதே. ரேட்டிங் வரல, தள்ளிட்டாங்க. சாளரம் சொல்லி எந்தத் தொடர் நின்னுருக்கு? அது நீதான்னு எனக்கு மொத வருஷமே தெரியும். பத்து வரிக்கு ஒரு 'பொருந்தவில்லை' போட இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

கையிலிருந்த காகிதங்களைத் தட்டி அடுக்கி வைத்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்க்கா. காரணம் எங்கேன்னு கேட்டே. நீ கேக்கறேன்னு எனக்குப் புரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து அந்த சீன் எழுதினேன். மியூசிக் போடாதீங்கன்னு டைரக்டர் கால்ல விழாத குறை. அவங்க யாரும் பாக்கறதுக்காக எழுதல. நீ பாக்கணும்னு எழுதினேன். பாக்காமயே எழுதிட்டியே."

அதுவரை அழாமல் சொன்னாள். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேர்வை என்றாள். மின்விசிறி வேகமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"போன் வந்தது" என்றேன். "ஞாபகமிருக்கு. நீ வந்து கேட்ட அன்னைக்கும் ஞாபகமிருந்தது."

"தெரியும்."

"முழுசும் தெரியாது. உன் கதை பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க. உடனே நான் வேற ஒண்ணு கேட்டேன். தமயந்தின்னு ஒருத்தங்க கதை அனுப்பியிருந்தாங்களே, அது என்னாச்சுன்னு கேட்டேன். காகிதத்தப் புரட்டற சத்தம் கேட்டுது. 'அது தேறலைங்க'ன்னாங்க. அதுக்கப்புறம்தான் சொன்னேன், அவளுக்குக் கல்யாணம், இனிமே எழுதமாட்டான்னு. கல்யாணத்த நினைச்சு சொல்லல சாரு."

இருபத்தோரு வருடமாக இதை நான் எனக்கேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. இந்த நோட்டிலும் ஒரே வாக்கியம் என்று பொய்தான் எழுதியிருக்கிறேன்.

சாரு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நீ கதை அனுப்பினது எனக்குத் தெரியாது" என்றாள். "நான் சும்மா, மங்கைக்கு ஒரு காரணம் வேணுமேன்னு நானா வெச்சேன். உனக்கு என் மேல கோபம், அவ்ளோதான்னு நினைச்சிருந்தேன்."

"நீ வெச்ச காரணம்தான்" என்றேன். "பொருந்துது."

அதற்கு அவள் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். போகச் சொல்கிறாளோ என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள்.

"கோபம் இன்னும் போகல எனக்கு. போயிடுச்சுன்னு நினைச்சுக்காதே. பத்து வருஷம் கழிச்சுத்தான் எழுதவே வந்தேன், அதுவும் அடுத்தவங்க பேர்ல" என்றாள். பிறகு, "என்ன கதை அது?" என்று கேட்டாள்.

"எது?"

"தேறலைன்னாங்களே, அது."

கிழித்துப் போட்டுவிட்டேன் என்றேன். வாயால் சொல் என்றாள்.

சொன்னேன். டவுன் பஸ் கண்டக்டர் ஒருவரின் மனைவி. பஸ் தினமும் அவள் வீட்டு வழியாகத்தான் போகும். அவர் விசில் ஊதுகிற விதத்தை வைத்தே இன்றைக்கு என்ன மனசோடு வீட்டுக்கு வருவார் என்று தெரிந்துகொள்வாள். ஒருநாள் விசில் மாறிக் கேட்கிறது. அதிலிருந்து அந்த ராத்திரி வரை கதை. நான் நினைத்ததைவிட நன்றாகவே ஞாபகமிருந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. சாரு குறுக்கே பேசவில்லை. காபி ஆறிப்போனது.

முடித்ததும் காதிலிருந்த பேனாவை எடுத்துக் கையில் உருட்டினாள். "ஆரம்பம் பிரமாதம்" என்றாள். "நடுவுல இழுக்குதுக்கா. மாமியார் வர்ற இடம் வேணாம். எடுத்துட்டா கதை நிக்கும்."

அவள் சொன்னது சரி. மாமியாரை எடுத்தால் நிற்கும். அங்கேயே அழுதுவிட்டேன். என் கதையை முழுசாகக் கேட்டுவிட்டுக் குறை சொன்ன முதல் ஆள் அவள்தான்.